உருக்கின் மறைபொருள்

உலையிற் காய்ச்சிய இரும்பு குடித்த நீரை அவ்விரும்பினின்றும் மீட்டெடுத்தல் எவருக்கும் இயலாது. உக்கிரப் பெருவழுதி கைப்பற்றிய கானப்பேரெயிலை மீட்டலும் வேங்கை மார்பனுக்கு அத்துணை அரிதாயிற்று என்பது புறநானூற்றின் 21 ஆம் பாட்டிற் காணப்படும் உவமை. பாடியவர் ஐயூர் மூலங்கிழார். புலவர் உலோகவியல் கற்பிக்க முற்பட்டவரல்லர். கேட்போர் யாவரும் ஊர்க் கொல்லன் பட்டறையிற் கண்டு பழகிய காட்சியொன்றை எடுத்துக்காட்டினார், அவ்வளவே. ஆயினும் வரலாற்றை ஆராய்வோனுக்கு இவ்வுவமை ஒரு வினாவை எழுப்புகின்றது. அக்கொல்லன் செந்நிறமாகக் காய்ச்சிய இரும்பை நீரில் இட்டது அதனை ஆற்றுவதற்காகவா, அன்றி வன்மைப்படுத்துவதற்காகவா?

இரண்டும் வெவ்வேறு செயல்கள். தூய்மை மிக்க இரும்பை எத்தனை முறை காய்ச்சி நீரில் இட்டாலும் அது குறிப்பிடத்தக்க வன்மை பெறுவதில்லை. உருக்கு மாத்திரமே அவ்வாறு வன்மை பெறும். ஆகவே இவ்வுவமை ஒன்றையே பற்றிக்கொண்டு, சங்ககாலத்தவர் தோய்ச்சற் கலையில் வல்லவராயிருந்தனர் என முடிவு கட்டுவோர், ஒரு வரியின் மேல் அது தாங்கமாட்டாத பாரத்தை ஏற்றுகின்றனர். இத்தகைய வினாவுக்கு விடை சொல்லவல்லது பாட்டு அன்று, உலோகமே. இலங்கையிலே அத்தகைய சான்று ஒன்று உண்டு. சிகிரியாவிற் கிடைத்ததும் கி.பி. 5 ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படுவதுமான இரும்புச் சிற்றுளி ஒன்றை, ஆங்கிலேய உலோகவியலறிஞரான சேர் றொபேட் ஹட்பீல்ட் 1912 இல் ஆராய்ந்து வெளியிட்டார். அதன் மேற்பரப்பிற் காபன் ஏற்றப்பட்டிருந்தமைக்கும், பின்னர் அது காய்ச்சித் தோய்க்கப்பட்டிருந்தமைக்கும் அவர் அறிகுறிகளைக் கண்டார். அவ்வுளியைச் செய்தவன் நீரின் பயனை நன்கறிந்தவன் என்பதில் ஐயமில்லை.

இரும்பு என நாம் ஒரே பெயரால் வழங்கும் பொருள் உண்மையில் மூன்று. அவற்றை வேறுபடுத்துவது அவற்றுட் கலந்துள்ள காபனின் அளவு. நூற்றுக்கு 0.1 பங்கினும் குறைவாகக் காபன் உள்ளது தேனிரும்பு. அது மெதுமையானது, வளையும், நீளும், காய்ச்சி அடித்தால் ஒன்றோடொன்று ஒட்டும், ஆனால் அதிற் செய்த கத்தியின் முனை விரைவில் மழுங்கிவிடும். நூற்றுக்கு 2 பங்குக்கு மேற் காபன் உள்ளது வார்ப்பிரும்பு. அஃது எளிதில் உருகி அச்சிற் பாயும். எனினும் சம்மட்டி அடிக்குத் தாங்காது உடையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே உருக்கு. தில்லியில் துருவேறாது நிற்கும் புகழ்பெற்ற தூணைப் பலர் உருக்குத் தூண் என எழுதுவர். அது தேனிரும்பாலானது, அதிலுள்ள பொசுபரசே அதனைத் துருவினின்றும் காத்துவருவது. உருக்கின் பெருமையைப் பேசுவோர் அத்தூணைச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

பழைய உலைகளிற் கிடைத்தது தேனிரும்பே. தாதுவையும் மரக்கரியையும் அடுக்கித் துருத்தியால் ஊதும்போது, தாதுவிலுள்ள ஒட்சிசனைக் கரி கவர்ந்துகொள்ள, எஞ்சும் இரும்பு உருகாமலே பஞ்சு போன்ற கட்டியாகத் திரளும். இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை சதமளவை வெப்பநிலை வேண்டும். கரியுலைகள் அந்நிலையை எட்டுதல் அரிது. அக்கட்டியைச் சம்மட்டியால் அடித்துக் கசடு நீக்கிய பின்னரே அஃது இரும்பாகப் பயன்பட்டது. அதனை உருக்காக்க வேண்டின் காபனை உள்ளே செலுத்தல் வேண்டும். கரியிற் புதைத்து நெடுநேரம் சூடேற்றுதல் ஒரு வழி. இவ்வழியிற் காபன் மேற்பரப்பிற் செறிந்து உள்ளே குறைந்து நிற்கும், கசடும் அகலாது. சிகிரியா உளி இவ்வகையினது.

மற்றொரு வழி, இரும்பையும் காபன் தரும் பொருளையும் மூடிய புடக்குகையில் இட்டு முழுவதும் உருக்குதல். இரும்பு காபனை உட்கொள்ளுந்தோறும் அதன் உருகுநிலை இறங்கும். நூற்றுக்கு 1.5 பங்கு காபன் சேர்ந்தபின் 1,400 பாகைக்குச் சற்று மேலேயே அது நீராகிவிடும். அப்பொழுது கசடு மேலே மிதக்க, எங்கும் ஒரே தன்மையுடைய உலோகம் கீழே தங்கும். உருகியதனால் உருக்கு. தமிழ்ச்சொல்லே செய்முறையைச் சொல்லி நிற்கின்றது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘வூட்சு’ என்னும் பெயர், இதனோடு உறவுடைய ‘உக்கு’ என்னும் கன்னடச் சொல்லின் திரிபு என்பது பெரும்பாலோர் கொள்கை.

சேலம், மைசூர், தெலுங்கானம் ஆகிய பகுதிகளில் இத்தொழில் நடைபெற்ற முறையை நேரிற் கண்டு எழுதியோர் பலர். 1800, 1801 ஆகிய ஆண்டுகளில் மைசூர் நாட்டிற் பயணஞ் செய்த பிரான்சிசு புக்கானன், அவருக்குப் பின் பெஞ்சமின் ஹெய்ன், பின்னர்ச் சென்னை அரசாங்க சேவையிலிருந்த யோசையா மார்சல் ஹீத் ஆகியோர் அவர்களிற் சிலர். உமிக்கரி கலந்த களிமண்ணாற் புடக்குகை செய்யப்பட்டது. நெல்லுமி எரிந்து எஞ்சும் பொருள் உயர்ந்த வெப்பத்தைத் தாங்கவல்லது என்பதை அனுபவமே கற்பித்திருத்தல் வேண்டும். குகையினுள் அரை இறாத்தல் முதல் இரண்டு இறாத்தல் வரையான இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டைச் சிராய்களும் இடப்படும். அவற்றின் மேல் எருக்கிலை போன்ற பச்சிலை ஒன்றிரண்டு வைத்து, வாயைக் களிமண்ணால் அடைப்பர். இருபதுக்கு மேற்பட்ட குகைகளை ஓர் உலையில் வளைவாக அடுக்கி இரண்டரை மணி நேரம் வரை ஊதுவர். பின்பு குகைகளை ஆறவிட்டு உடைத்தால் உள்ளே அடை போன்ற உருக்குக் கட்டி கிடைக்கும். கட்டியின் மேற்பரப்பில் நடுவினின்றும் சுற்றிலும் விரியும் வரிகள் தோன்றினால் உருக்கு நன்றாக அமைந்தது என்று கொள்வர்.

இத்துடன் வேலை முடிந்துவிடவில்லை. ஹீத் கூறும் அடுத்த செய்தி இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. கட்டிகளைச் சட்டமாக அடித்து நீட்டுமுன்னர், உருகும் நிலைக்குச் சற்றுத் தாழ்ந்த வெப்பத்தில், துருத்திக் காற்று மேலே படும்படியாகப் புரட்டிப் புரட்டிப் பல மணி நேரம் கரியுலையில் வைத்திருப்பர் என்கின்றார் அவர். மிகையாக ஏறிய காபனின் ஒரு பகுதியை இவ்வாறு எரித்து நீக்கினர். இன்றைய பாடநூல்கள் வெப்பப் பரிகரிப்பு என்ற தலைப்பில் விரித்துரைக்கும் செயல்களுள் இது ஒன்று. செய்தவர்கள் காபன் என்ற சொல்லைக் கேட்டறியாதவர்கள். கட்டி எந்நிறத்திற் சுடரும்போது நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் அறிவர்.

இலங்கையிலும் இக்கலை தனித்தன்மையோடு வளர்ந்தது. இங்குப் பயன்பட்டவை நீண்ட குழாய் வடிவப் புடக்குகைகள். ஆகவே உருக்கும் அடையாக அன்றிக் கோலாகக் கிடைத்தது. ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிப்பொருளாய்வுத் துறையின் முதல் இயக்குநராயிருந்த காலத்தில், அழியுந் தறுவாயிலிருந்த இத்தொழிலை அறிந்தோர் செய்துகாட்டக் கண்டு, 1908 இல் வெளியான ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் தம் ஆங்கில நூலிற் பதிவுசெய்தார். இங்கும் குகையில் இரும்போடு இடப்பட்டது ஆவாரங்கட்டையே. கலையறிஞராக மட்டும் இன்று நினைக்கப்படும் அவர், இலண்டன் பல்கலைக்கழகத்திற் புவிச்சரிதவியலுக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்றவர் என்பதை மறத்தலாகாது. அவரன்றி வேறொருவர் அவ்வுலையின் முன் நின்றிருந்தால், நூலில் அணிகலன்களும் ஓவியங்களும் இருந்திருக்கும். புடக்குகையின் அளவுகள் இருந்திரா.

இலங்கை உருக்கின் பழைமைக்குப் பிறநாட்டுச் சான்றும் உண்டு. 9 ஆம் நூற்றாண்டிற் பக்தாத்தில் வாழ்ந்த அல்-கிந்தி என்னும் அராபிய அறிஞர் வாள்களைப் பற்றி எழுதிய நூலில், சரந்தீபத்து உருக்கைத் தனியொரு வகையாகக் குறிப்பிடுகின்றார். அத்துணைப் பெருந்தொகையாக ஏற்றுமதி செய்தற்கு வேண்டிய இரும்பு எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு நெடுநாள் வரை விடை கிடைக்கவில்லை. சமனலவெவ நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட வேளையில் அப்பகுதியை ஆராய்ந்த கில் யூலெவ் என்னும் பெண் அறிஞர், மலைமுகடுகளில் மேற்குத் திசையை நோக்கிய இரும்புலைகள் நிரம்ப இருந்தமையைக் கண்டார். அவை 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. தென்மேற்குப் பருவக்காற்றே அவற்றின் துருத்தி. அவ்வமைப்பிலே உலை கட்டி, 1994 இல் காற்றுக்காலத்தில் இயக்கிப் பார்த்தபோது, துருத்தியின்றியே இரும்பு விளைந்தது. அதனுட் காபன் மிகுந்த உருக்கும் ஒரு பகுதியாக இருந்தது. 1996 இல் ‘நேச்சர்’ இதழில் இம்முடிவுகள் வெளியாகும்வரை, காற்றை மட்டும் நம்பிய உலை சிறந்த பயன் தரும் என்பதை உலோகவியலார் பலர் ஏற்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லுதல் கடமை. புடக்குகை உருக்கு தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்குமே உரியது என்பது உண்மையன்று. மத்திய ஆசியாவில் மேர்வ் நகரிலும் பர்கானாப் பள்ளத்தாக்கிலும் 9, 10 ஆம் நூற்றாண்டுகளில் இத்தொழில் நடந்தமைக்கு அகழ்வாராய்ச்சி சான்று தந்துள்ளது. தமிழகத்துக் கொடுமணலில் அதனினும் பழைய தொழிற்கூடம் வெளிப்பட்டிருப்பதனால் பழைமை இப்பக்கமே சாய்கின்றது எனலாம். ஆயினும் எகிப்தியர் தம் கற்றூண்களிற் சித்திர எழுத்துக்களைப் பொறித்த கருவிகளும் இந்திய உருக்கே என ஹீத் துணிந்து எழுதியதற்கு எச்சான்றும் இல்லை. நம்மவர் சிலர் அவ்வாக்கியத்தை இன்றளவும் விடாது எடுத்தாளுகின்றனர். ஆங்கிலேயர் ஒருவர் எழுதினார் என்பதனால் மட்டும் ஒரு செய்தி மெய்யாகிவிடாது.

ஐரோப்பாவில் இவ்வுருக்கின் புகழ் ‘டமாஸ்கசு வாள்’ என்ற பெயரால் பரவியது. வாளின் பரப்பில் நீரலை போன்ற வரிகள் ஓடும். கூர்மையும் வளைந்து நிமிரும் வலிமையும் ஒருங்கே அமைந்திருக்கும். வியந்தவர்கள் அதனைத் தாமும் செய்ய விரும்பினர். பிரான்சு நாட்டறிஞர் இறேயோமூர், கெய்ரோ நகரிலிருந்து இந்திய உருக்கை வருவித்துப் பாரிசுக் கொல்லரிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் எவராலும் அதனைக் கொண்டு ஒரு கருவியைத் தானும் அடித்து உருவாக்க முடியவில்லை என 1722 இல் அவர் எழுதினார். இத்தோல்வியின் காரணம் விளங்குவதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. அக்காலத்தில் உருக்கு இன்னதென்பதே ஐரோப்பியருக்குத் தெளிவாகவில்லை. சுவீடன் நாட்டுப் பேர்க்மன் 1781 இல் மூவகை இரும்பும் கரிப்பொருளின் அளவால் வேறுபடுவதைக் காட்டினார். 1786 இல் வந்தர்மொண்டு, பெர்த்தொல்லே, மொன்சு ஆகிய பிரெஞ்சு அறிஞர் மூவர் அப்பொருள் காபனே என நிலைநாட்டினர்.

பம்பாயிலிருந்த வைத்தியரான ஹெலெனசு ஸ்கொட் 1794 இல் உருக்குக் கட்டிகளை இலண்டன் வேத்தியற் கழகத் தலைவர் யோசப் பாங்சுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து யோர்ச்சு பியர்சன் 1795 இற் படித்த கட்டுரையாலேயே ‘வூட்சு’ என்னும் சொல் அறிவுலகிற் பரவியது. அதன் தலைப்பு, பம்பாயிலே செய்யப்படும் உருக்கு என்கின்றது. கப்பலேறிய துறையைப் பிறந்த ஊராகக் கொண்ட வழு அது. பின்னர் யேம்சு ஸ்டோடாட் என்னும் இலண்டன் கத்தித் தொழிலாளர் இவ்வுருக்கிற் சத்திரவைத்தியக் கருவிகள் செய்து அதன் சிறப்பைப் பேசினார். அவரோடு சேர்ந்து இவ்வாராய்ச்சியில் இறங்கிய இளைஞரே மைக்கேல் பரடே.

மின்னியலின் தந்தையென நாம் அறிந்த பரடே ஒரு கொல்லனின் மகன். 1819 இல் அவர் வூட்சைப் பகுத்துப் பார்த்துச் சிறிதளவு அலுமினியம் இருப்பதாகக் கண்டார். அதன் மேன்மைக்கு அதுவே காரணம் எனவும் கருதினார். பின்வந்தோரின் பகுப்புகள் அதனை உறுதிசெய்யவில்லை. எனினும் தவறிய இவ்வெண்ணமே பெரும் பயன் விளைத்தது. உருக்கோடு வேறு உலோகத்தைக் கலந்தால் அது மேன்மையுறும் என நம்பிய பரடேயும் ஸ்டோடாட்டும், வெள்ளி, பிளாற்றினம், உரோடியம், குரோமியம் முதலியவற்றைக் கலந்து உருக்கிப் பார்த்தனர். ஐந்நூற்றில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த உருக்கைப் பெரிதும் புகழ்ந்தனர். 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் வெளியான அவர்தம் கட்டுரைகள் கலப்புருக்கு ஆராய்ச்சியின் முதற்படிகளுள் அடங்கும். அவர் விட்டுச்சென்ற உருக்குத் துண்டுகளை மீண்டும் ஆராய்ந்து 1931 இல் நூலாக்கியவர், சிகிரியா உளியை ஆராய்ந்த அதே ஹட்பீல்ட் ஆவார்.

பாரிசு நாணயச்சாலையைச் சேர்ந்த பிரெயான் என்பவரோ வேறொரு முடிவுக்கு வந்தார். நூற்றுக்கணக்கான பரிசோதனைகளின் பின், வூட்சில் மறைபொருள் எதுவுமில்லை என்றும், மிகுதியான காபனும் மெல்ல ஆறுதலுமே வரிகளுக்குக் காரணம் என்றும் 1823 இல் வெளியிட்டார். உரால் மலைப்பகுதியின் ஸ்லத்தவுஸ்து நகரிற் பணியாற்றிய பாவெல் அனோசவ் என்னும் இரசியர், பத்தாண்டுக்கு மேல் முயன்று வரியுடைய வாள்களைச் செய்துகாட்டி 1841 இல் நூலும் எழுதினார். பரடே பொருளைத் தேடினார். பிரெயான் வெப்பத்தைத் தேடினார். உண்மைக்கு அண்மையில் நின்றவர் புகழிற் குறைந்த பிரெயானே.

பாரிசுக் கொல்லர் ஏன் தோற்றனர் என்பதை இனி விளக்கலாம். 727 பாகைக்கு மேல் இரும்பின் அணுக்கள் வேறொரு வகையாக ஒழுங்குபட்டு, காபனைத் தம்முட் கரைத்துக்கொள்ளும். மெல்ல ஆறினால் அக்காபன் வெளிப்பட்டு, இரும்போடு சேர்ந்து மிக வன்மையான இரும்புக் காபைட்டாகப் படியும். திடீரென நீரில் இட்டால் வெளிப்பட நேரமின்றி அகப்பட்டுக்கொள்ளும். அகப்பட்ட காபன் அணுவொழுங்கைத் திரிப்பதனால் உருக்கு கண்ணாடியை ஒத்த வன்மையும் நொறுங்கும் இயல்பும் பெறும். அந்நொறுங்குமியல்பைத் தணிப்பதற்கு அதனைச் சிறிது சூடாக்குதல் வேண்டும். துலக்கிய பரப்பில் அவ்வேளை தோன்றும் நிறமே கொல்லனுக்கு வெப்பமானி. 230 பாகையளவில் வைக்கோல் நிறம். சவரக்கத்திக்கு அது போதும். 255 பாகையை அடுத்துக் கபிலம், பின்னர் ஊதா, 300 பாகையளவில் நீலம். வில்லுக்கு நீலமே ஏற்றது. ஒரு நிறம் தவறினால் கத்தி உடையும் அல்லது மழுங்கும்.

சாதாரணக் கருவியுருக்கில் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டியே காபன் இருக்கும். வூட்சில் 1.3 முதல் 1.8 வரை. மிகையான காபன், கட்டி மெல்ல ஆறும்போது காபைட்டு வலையாக உலோக மணிகளைச் சூழ்ந்துகொள்ளும். ஐரோப்பியக் கொல்லன் தேனிரும்பை அடித்துப் பழகியவன். இரும்பு வெண்ணிறமாகச் சுடரும்போது அடிப்பதே அவன் வழக்கம். 1,150 பாகையை அண்மியதும் வூட்சின் மணிகளிடையே சில இடங்கள் உருகத் தொடங்கும்; சம்மட்டி பட்டதும் கட்டி பொடியாகும். கீழைநாட்டுக் கொல்லனோ செந்நிற வெப்பத்திலேயே, அதாவது 650 முதல் 850 பாகை வரையான எல்லைக்குள், பொறுமையாகப் பன்முறை காய்ச்சி அடித்தான். அவ்வெப்பத்திற் காபைட்டு முழுதும் கரைவதில்லை. அதன் வலை அறுந்து நுண்மணிகளாகி மெதுமையான இரும்பினிடையே பரவும். கூர்மையும் உறுதியும் ஒன்றுகூடியது இவ்வாறே. கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்பேட் பல்கலைக்கழகத்தில் ஓலெக் செர்பி, யெப்ரி வட்சுவேத் ஆகியோர் காபன் மிகுந்த உருக்கைப் பற்றி நடாத்தி 1985 இல் விளக்கிய ஆராய்ச்சியாலும் இது வலுப்பெற்றது.

இவ்வறிவு ஐரோப்பாவில் நூலேறிய கதை நீண்டது. செபீல்ட் நகரத்து ஹென்றி சோபி 1863 ஐ ஒட்டி, துலக்கி அமிலமிட்ட இரும்பை நுணுக்குக்காட்டியிற் கண்டு உள்ளமைப்பை முதன்முதல் விளக்கினார். இரசியப் பொறியியலாளர் செர்னோவ் 1868 இல், ஒரு குறித்த வெப்பத்துக்குக் கீழ்ப்பட்ட உருக்கை எத்துணை விரைவாக ஆற்றினும் அது வன்மை பெறாது என நிறுவினார். அவர் அந்நிலையைக் கண்டறிந்தது வெப்பமானியாலன்று. உருக்கு கருஞ்சிவப்பாகச் சுடர்வதைக் கண்ணாற் கண்டே. கொல்லனின் கருவியும் அதுவே அன்றோ! பின்னர் பிரான்சு நாட்டு ஒசுமொண்டு, நீரில் தோய்த்த உருக்கின் அமைப்புக்கு யேர்மானிய அறிஞர் அடொல்வ் மாட்டென்சின் பெயரால் ‘மாட்டென்சைற்று’ எனப் பெயரிட்டார்.

நீரில் தோய்த்தால் எவ்வுலோகமும் வன்மை பெறும் என எண்ணிவிடலாகாது. செம்பைக் காய்ச்சி நீரில் இட்டால் மெதுமையே மிகும். நூற்றுக்கு 23 பங்களவு வெள்ளீயம் கலந்த வெண்கலம் இதனினும் விந்தையானது. மெல்ல ஆறவிட்டால் அது நொறுங்கும். செந்நிறத்திற் காய்ச்சித் தோய்த்தால் நொறுங்குமியல்பு நீங்கி உறுதிபெறும். உருக்குக்கு இது நேர்மாறு. சீனத்துப் பெருஞ்சேகண்டிகளைப் போலச் செய்ய முயன்ற பிரெஞ்சு இரசாயனவறிஞர் தார்சே இவ்வுண்மையை 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிப்படுத்தினார். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்களைச் செய்தோர் அதனை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கையாண்டிருந்தனர். அலுமினியக் கலப்புலோகத்தின் கதை வேறு. 1906 இல் பேர்லினில் அல்பிரெட் வில்ம் செப்பும் மகனீசியமும் சேர்த்த அலுமினியத்தைக் காய்ச்சி நீரில் இட்டுச் சோதித்தபோது வன்மை காணவில்லை. சில நாள் கழித்துச் சோதித்தபோது அது தானாகவே வன்மை பெற்றிருந்தது. ஆகாயக் கப்பல்களின் சட்டங்கள் அதனாலாயின.

இனி மறைபொருள் எதுவுமில்லை என்று முடித்துவிடலாமா? இல்லை. அமெரிக்காவில் யோன் வேகூவன் என்னும் பேராசிரியரும் அல்பிரெட் பென்றே என்னும் கொல்லரும் ஆண்டுகள் பல சேர்ந்துழைத்து, பழைய வாள்களை ஒத்த வரியுடைய வாள்களைச் செய்தனர். சில கட்டிகளில் வரிகள் அமைந்தன; வேறு சிலவற்றில், வெப்பமும் அடியும் ஒன்றாயிருந்தும், அமையவில்லை. காரணம் வனேடியம் போன்ற உலோகங்களின் நுண்ணிய கலப்பு என 1998 இல் அறிவித்தனர். நூற்றுக்கு 0.01 பங்கினும் குறைந்த அளவே அதற்குப் போதும். தாதுவிலிருந்து தானாக வந்த அக்கலப்பே, மீண்டும் மீண்டும் காய்ச்சுகையிற் காபைட்டு மணிகளை வரிசை வரிசையாகத் திரளச் செய்தது. 2006 இல் யேர்மனியின் டிறெஸ்டன் நகர ஆராய்ச்சியாளர் 17 ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றிற் காபன் நுண்குழாய்களைக் கண்டதாக எழுதினர். அதனை வைத்துப் பண்டைக் கொல்லர் நுண்குழாய் செய்தனர் எனப் பறைசாற்றுதல் அறிவுடைமையன்று. வனேடியத்தை அறியாதவர்கள் அதனையும் அறியார். பரடே தேடியதுபோலப் பொருள் ஒன்று மறைந்தே இருந்தது. அஃது அவர் கண்ட பொருளன்று. கொல்லரும் அறிந்த பொருளன்று.

ஒரு குறித்த சுரங்கத்துத் தாது தீர்ந்தாலோ, வணிகன் வேறோரிடத்துக் கட்டியைக் கொண்டுவந்தாலோ, தந்தை கற்பித்தவாறே மகன் அனைத்தையும் செய்தும் வரி தோன்றாது. ஏன் என்று அவனுக்குச் சொல்வார் இல்லை. வரியுடைய வாள்களின் கலை மறைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என வேகூவன் கருதுகின்றார். உருக்குத் தொழில் முழுவதும் அழிந்தமைக்கு அது போதாது. மணிக்கூடு செய்பவரான பெஞ்சமின் ஹன்ற்சுமன் 1740 ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே புடக்குகை உருக்கைப் பெரிய அளவிற் செய்யத் தொடங்கியிருந்தார். 1856 இல் பெசமர் முறை வந்ததும் உருக்கு அந்தர்க் கணக்கினின்றும் தொன் கணக்குக்கு ஏறியது. கரிக்கு வேண்டிய காடும் கொல்லர் கைக்கு எட்டாததாயிற்று. அரை இறாத்தற் குகை எவ்வாறு போட்டியிடும்?

இப்போட்டியில் ஹீத்துக்கும் பங்குண்டு. அவர் சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830 ஐ ஒட்டி இரும்புத் தொழிற்சாலை நிறுவினார். ஐரோப்பியப் பெருவுலைகளுக்கு வேண்டிய மரக்கரி தொடர்ந்து கிடைக்கவில்லை, பணமும் போதவில்லை, ஆலை நிலைக்கவில்லை. இங்கிலாந்துக்கு மீண்ட அவர், உருகும் உருக்கில் மங்கனீசைச் சேர்த்தால் தாழ்ந்த இரும்பிலிருந்தும் நன்றாக அடிபட்டு ஒட்டும் உருக்கைப் பெறலாம் எனக் கண்டு 1839 இல் காப்புரிமை பெற்றார். தீங்கு செய்யும் கந்தகத்தை மங்கனீசு கட்டிவிடும் என்பது பிற்காலத்து விளக்கம். செபீல்ட் உருக்கின் விலை அதனாற் பெரிதும் குறைந்தது. தொழிலதிபர்கள் செய்முறையைச் சிறிது மாற்றிக் காப்புரிமையைத் தவிர்த்துக்கொண்டனர். நெடுங்கால வழக்குகளிற் கைப்பொருளை இழந்த ஹீத் 1851 இல் மறைந்தார். பிரபுக்கள் சபையின் இறுதித் தீர்ப்பு 1855 இல் அவர் பக்கத்துக்கு எதிராகவே வந்தது. சேலத்துக் கொல்லர் செய்முறையை எவரினும் விரிவாக எழுதி வைத்தவரும், அவர்தம் உருக்கைச் சந்தையினின்றும் அகற்றிய மலிவான ஆங்கில உருக்குக்கு வழிவகுத்தவரும் ஒருவரே.